தசராவுக்கு உன் அறை

மைசூரு,
ஆகஸ்ட் 17

அன்புள்ள ஸ்மிதாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், டப்ளினில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் அது முழுசாகும். போனில் சொல்ல வாய் வராது, அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மழையில் உன் அறைச் சுவரில் ஓதம் ஏறிவிட்டது, பெயிண்டர் லிங்கப்பனை வரச் சொல்லிவிட்டு அலமாரியைக் காலி செய்தபோது பள்ளிக்கூடத்தில் நீ பரிசு வாங்கிய தடித்த ஆங்கில அகராதி கிடைத்தது. ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை, உட்கார்ந்து புரட்டினேன். இந்த வீட்டில் நான் அதிகம் சொன்ன ஆங்கில வார்த்தையைத் தேடினேன். அட்ஜஸ்ட்.

மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க, என்று கன்னடத்தில் சொல்லி உட்காருகிற ஊர் இது, அதன் அர்த்தம் எனக்கா தெரியாது என்று இருந்தேன். தசராவுக்குத் தசரா சேலத்திலிருந்து உமா அத்தை குடும்பத்தோடு வருவாள், உன் அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு உன்னை ஹாலில் படுக்கச் சொல்வேன். பி.யு.சி. படித்த வருஷமும் சமையலறையில் உட்கார்ந்துதான் படித்தாய். என் பொண்ணு எதுக்கும் அட்ஜஸ்ட் பண்ணிப்பா என்று ஊரெல்லாம் பெருமை வேறு. போன தசராவுக்கு, மூன்று வருஷம் கழித்துப் பத்து நாள் லீவில் வந்தவளிடமும் ஹாலில் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்றே சொன்னேன். நீ பாயை எடுத்து ஹாலில் விரித்தாய், நாலாம் நாள் ஆபீஸில் கூப்பிடுகிறார்கள் என்று பெட்டியைக் கட்டினாய். ஆபீஸ் கூப்பிடவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் ஏர்போர்ட் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன், நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அகராதியில் பார்த்தால் அட்ஜஸ்ட் என்ற அந்த வார்த்தை பிரெஞ்சு வழியாக வந்ததாம், வேர் லத்தீனில் இருக்கிறதாம், ஆதியில் பக்கத்தில் கொண்டுவருவது என்று பொருளாம். நான் அதைச் சொல்லிச் சொல்லியே உன்னைத் தூரமாக்கிவிட்டேன்.

நேற்று அத்தையைக் கூப்பிட்டு இந்தத் தசராவுக்கு அறை இல்லை, லாட்ஜ் பார்த்துத் தருகிறேன் என்றேன். ஸ்மிதா ஒண்ணும் சொல்ல மாட்டாளேடா என்றாள். சொல்லவே மாட்டா, அதனாலதான்க்கா என்றேன். கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள், போகட்டும். உன்னை வா என்று வற்புறுத்த எனக்கு முகமில்லை. நீ வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கட்டிலில் வேறு யாரும் படுக்கப்போவதில்லை. வராவிட்டால் ஆபீஸைக் காரணம் சொல்லாதே, கோபம் என்றே எழுது, திட்டியும் எழுது.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. சாமுண்டித் தாய் உன்னை ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். சுவருக்கு என்ன நிறம் என்று லிங்கப்பன் கேட்கிறான். உன்னைக் கேட்காமல் டப்பாவைத் திறக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அப்பா,
நாராயணஸ்வாமி