மனுவில் மட்டும் தவித்த மகன்

மார்ச் 1
இந்த ஞாயிறும் அக்கரைக்குப் போகவில்லை. அக்காவிடம் போனில் பாலத்தைத்தான் சொன்னேன். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகளை மட்டுமே விடும் பழைய பாலம். ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். “சரிடா” என்றாள். ஆறு வருடமாக அவள் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள். நான் பாலத்தைப் பார்த்துக்கொள்கிறேன், அதுவும் தூரத்திலிருந்து.

மார்ச் 9
புதுப் பாலத்துக்குத் திறப்பு நாள் குறித்துவிட்டார்கள். அந்தப் பாலம் வேண்டும் என்று முன்பு ஊரே கையெழுத்துப் போட்ட மனுவை எழுதியவன் நான். “படுத்த படுக்கையாய்க் கிடக்கும் தந்தையைக் காண இயலாமல் தவிக்கும் மகன்...” கல்லும் கரையட்டும் என்று எழுதினேன். கரைந்துவிட்டது. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதானோ?

மார்ச் 21, சனி
திறப்பு விழா. பொறியாளர் என் மனுவை மேடையில் வாசித்தார். ஒரே கைதட்டல். பிறகு என்னைத் தேடிப் பிடித்து, “முதல் வண்டி உங்களுதுதான் சார். போய் அப்பாவைப் பாருங்க” என்றார். நடுப் பாலத்தில் வண்டி நின்றுவிடாதா என்று வேண்டிக்கொண்டேன். நிற்கவில்லை. நான்கு நிமிடம். திரும்பிவிடலாம் என்றால் பின்னாலேயே பொறியாளரின் ஜீப்!

அக்கா திட்டுவாள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவள் திட்டவில்லை. “நாலு மணிக்கு மாத்திரை குடு. நான் ஆறு மணிக்கு வந்துடுறேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

மார்ச் 22
நேற்று அப்பாவைத் தூக்கி உட்கார வைத்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. ஒரே ஒரு தடவை தூக்கினேன். அவள் முதுகு என்ன ஆகியிருக்கும்?

ஏப்ரல் 4
இது மூன்றாவது சனிக்கிழமை. அப்பாவுக்குச் சவரம் செய்தேன். தாடையில் இரண்டு வெட்டு. “உங்கக்கா கை இப்படி நடுங்காது” என்றார். ரத்தத்தைத் துடைத்தபடி ஒப்புக்கொண்டேன்.

சனிதோறும் அக்கா எங்கே போகிறாள்? சினிமா, தோழி வீடு என்று நானாக நினைத்திருந்தேன். இன்று கேட்டேவிட்டேன்.

“எங்கயும் போகலடா. நடுப் பாலத்துல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். ரெண்டு மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க.”

நாளைக்கும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அதனால் வீட்டுக்குக் கிளம்பவில்லை. இதை அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து எழுதுகிறேன்.