மணி என்னாச்சு

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை வாலு எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும், ஒரு வலது கையைக் கழித்துவிட்டுப் பார்த்தால், முழு நலம். உன் நலத்தை நீ கைப்பட எழுதினால்தான் அப்பா நம்புவாராம், ஏனென்றால் போனில் நீ "நல்லாத்தாம்ப்பா இருக்கேன்" என்பதும் அவர் "சின்னச் சிராய்ப்புதாம்மா" என்றதும் ஒரே கடையில் வாங்கிய பொய்கள் என்று அவருக்கே தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம். இத்தனை நாளும் அப்பாவுக்கு நான் வலது கை மாதிரி என்று அம்மா கிண்டலாகச் சொல்வாள், இப்போது அதில் "மாதிரி" இல்லை. அவர் கண்ணாடியும் உடைந்துவிட்டது, புதிது செவ்வாய்க்கிழமைதான் வருமாம், ஆகவே நான் என்ன எழுதுகிறேன் என்று அவரால் பார்க்க முடியாது, இப்படி ஒரு வாய்ப்பு எனக்கு வாழ்க்கையில் வந்ததே இல்லை.

முதலில் அப்பா சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். மூன்று வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை காலை, கருவிப்பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார், ஒரு ஏழுமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நாலாவது மாடியில் நின்றுவிட்டது என்று அவசர அழைப்பு. பெட்ரோல் பங்க் மதில் சுவரை ஒட்டி ஒரு சந்து வந்து சேருமே, அந்தத் திருப்பத்தில் சந்துக்குள்ளிருந்து ஒரு வாடகைக் கார் வெளியே வந்து இடித்தது. கார் வருவது சைக்கிளுக்குத் தெரியாது, சைக்கிள் வருவது காருக்குத் தெரியாது, நடுவில் மதில். வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பு போய்த் தகடு வைத்திருக்கிறார்கள், விலாவில் இரண்டு விரிசல், தாடையில் ஐந்து தையல். ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்வதே பிழைப்பாக இருக்கிற மனிதர் தரையில் கிடந்திருக்கிறார். ஆறு வாரத்தில் கட்டுப் பிரிப்பார்களாம். சைக்கிளைப் பஞ்சர் கடைக்காரர் தோளில் தூக்கிவந்து நடைவழியில் சாத்திவிட்டுப் போனார், முன்சக்கரம் எட்டுப் போட்டதுபோல் இருக்கிறது, அதைத் தாண்டித்தான் குளிக்கப் போக வேண்டும், அம்மா ஒவ்வொரு தடவையும் சுவரோடு ஒட்டிக்கொண்டு தாண்டுகிறாள், தொட்டுவிட்டால் அது விழித்துக்கொள்ளும் என்பதுபோல. மற்றபடி அம்மா மருந்துக்கடை வேலைக்குப் போய்வருகிறாள், உள்ளே வந்ததும் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பையைக் கீழே வைக்கிறாள். நீயும் அங்கே வேலைக்குச் சைக்கிளில்தான் போகிறாய் என்பது நினைவு வந்துவிட்டது அப்பாவுக்கு. சந்து எதிரே வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போ, யார் சிரித்தாலும் பரவாயில்லை, தலைக்கவசத்தின் வாரைக் கட்டு, சும்மா தொங்கவிடாதே, பசியோடு வண்டி ஓட்டாதே என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

அக்கா, இதோடு அப்பா தூங்கிவிட்டார். மாத்திரை அப்படி, பேசிக்கொண்டே இருக்கும்போது பாதி வாக்கியத்தில் இறங்கிவிடுவார். மாவுக்கட்டுக்கு வெளியே கட்டைவிரல் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது, தூங்கும்போது அந்த விரல் அசைகிறது. அழுத்துகிறது, விடுகிறது, மறுபடி அழுத்துகிறது. நரம்பு பழையபடி ஆகிறது, நல்லதுதான் என்றார் டாக்டர். அது எதை அழுத்துகிறது என்று எனக்குத் தெரியும், அதை இனிமேல் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியாது.

நீ இருந்தபோதும் இதுதானே, காலை ஆறு மணிக்கு நடைவழியில் நிற்கிற சைக்கிளின் மணியை நம் அறை வாசலில் வைத்து விடாமல் அடிப்பார், "மணி அடிச்சாச்சு, மணி ஆறாச்சு" என்பார். விபத்துக்கு முந்தின நாள், புதன்கிழமை, நான் மணியின் மூடியைக் கழற்றி உள்ளே பாதி ரப்பரைத் திணித்து மூடிவிட்டேன். காலையில் அவர் அழுத்துவார், தொக்கென்று ஒரு சத்தம்கூட முழுசாக வராது, அவர் முகத்தைப் போர்வைக்குள்ளிருந்து பார்த்துச் சிரிக்கலாம், அவ்வளவுதான் திட்டம். ஆனால் எனக்குப் பரீட்சை விடுமுறை, "நாளைக்காவது தூங்க விடுங்கப்பா" என்று படுக்கும்போது நான்தான் கெஞ்சியிருந்தேன். அவர் விட்டுவிட்டார் அக்கா. அடிக்கவே இல்லை. பூனை மாதிரி சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். ரப்பர் வைத்தபிறகு முதன்முறையாக அந்த மணியை அழுத்தினது அந்தத் திருப்பத்தில்தான்.

ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு நாள் கண்ணைத் திறக்கும்போதெல்லாம் "மணி என்னாச்சு, மணி என்னாச்சு" என்று கேட்டார். நர்ஸக்கா பொறுமையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்து "பதினொண்ணே கால் ஆச்சுங்க" என்பார், கொஞ்ச நேரம் கழித்து "பன்னிரண்டாகப் போகுதுங்க" என்பார். அம்மாகூட "வேலைக்கு நேரமாச்சேன்னு கவலை, பாரேன்" என்று அழுதாள். அந்த வார்டிலேயே கேள்வி புரிந்தது எனக்கு மட்டும்தான். இரட்டை அர்த்தம் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி என்று வீட்டில் பேர், அன்றைக்கு அந்தக் கெட்டிக்காரத்தனத்தைத் தூக்கி எங்கேயாவது போடலாம் போலிருந்தது. தெளிவு வந்தபிறகு அப்பா அதைக் கேட்கவில்லை, கேட்டதே அவருக்கு நினைவில்லை, இடித்த அந்த நிமிஷமும் நினைவில்லை. அதற்குள் நான் வீட்டுக்கு வந்து ரப்பரை எடுத்துவிட்டேன். மறுநாள் சைக்கிளைப் பார்க்க வந்த போலீஸ் ஏட்டு "மணி வேலை செய்யுதாம்மா" என்றார், நானே அழுத்திக் காட்டினேன், நன்றாக அடித்தது, எழுதிக்கொண்டு போனார்.

பிறகு அதே ஏட்டு ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் "திரும்பறதுக்கு முன்னாடி மணி அடிச்சீங்களா" என்று கேட்டார். "அடிச்சிருப்பேன் சார், பத்தொம்பது வருஷமா அந்த இடத்துல அடிக்காமத் திரும்பினதில்லை" என்றார் அப்பா. "அடிச்சிருப்பேன்னெல்லாம் எழுத முடியாதுங்க, அடிச்சீங்களா இல்லையா" என்றார் அவர். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு "அடிச்சேன்" என்றார். நான் கட்டிலின் கால்மாட்டில்தான் நின்றேன். நடுவிலிருந்த ஒரு "இருப்பேன்" விழுந்துபோனதை நான் மட்டும் பார்த்தேன், எடுத்துக் கொடுக்கவில்லை.

போன ஞாயிறு அந்தக் கார்க்காரர் வீட்டுக்கு வந்தார். பெரிய மீசை, சின்னக் குரல். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "கொஞ்சம் நின்னு பாத்து வந்திருக்கணும், அது என் தப்புதாங்க, ஆனா சத்தியமா மணி சத்தம் எனக்குக் கேக்கலைங்க. நீங்க அடிச்சேங்கறீங்க, பாப்பா அடிச்சே காட்டியிருக்கு. அப்ப என் காதுதானே போச்சு" என்றார். காது டாக்டரிடம் போய்விட்டு வந்திருக்கிறார், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களாம், இவர்தான் நம்பவில்லை. சமையலறையிலிருந்து மனைவியைக் கூப்பிடச் சொல்லி, கேட்கிறதா கேட்கிறதா என்று சோதித்துக்கொண்டே இருக்கிறாராம். "மணியே கேக்காதவன் நாளைக்கு ஒரு குழந்தை கத்தினா எப்படிக் கேப்பேன், சனிக்கிழமை சாயங்காலம் சாவியை முதலாளிகிட்ட குடுத்துடறேன், இனிமே ஓட்டலை" என்றார். முகவரியை ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனார். நான் எத்தனையோ பேருக்குக் காது குத்தியிருக்கிறேன் அக்கா, உனக்கே எத்தனை தடவை. இந்த ஆளுக்குக் குத்தினதில் இன்னும் ரத்தம் வந்துகொண்டிருக்கிறது. தெருவில் எந்தச் சைக்கிள் மணி அடித்தாலும் எனக்கு முதுகில் அடிக்கிறது. இன்றைக்குத்தான் சனிக்கிழமை.

இவ்வளவு எழுதி முடிக்கும்போது அப்பா விழித்துவிட்டார். "எங்க, எழுதினதைப் படி" என்றார். தலைக்கவசம், பசி, சந்து என்று படித்துவிட்டு நிறுத்தியிருக்கலாம், காகிதத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியப் போவதில்லை. நிறுத்திப் பார்த்தேன். அவர் கட்டைவிரல் போர்வைமேல் அசைந்துகொண்டிருந்தது. படித்துவிட்டேன், சனிக்கிழமை வரைக்கும்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு "அதான் அந்த விரலுக்குக் கீழ மெத்து மெத்துன்னு இருந்துச்சா" என்றார், யாரிடமோ கேட்பதுபோல். அப்புறம் "நீ மணியை அடைச்சே, நான் அடிச்சேன்னு சொன்னேன், ஓர் எழுத்துதான் வித்தியாசம்" என்றார். எனக்கு இந்தச் சிலேடை வியாதி எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்பாளே, இனிமேல் கேட்க வேண்டியதில்லை. சிரிக்கத்தான் முடியவில்லை. "அவர் நிக்காம வந்ததுக்கு அவர் பதில் சொல்லட்டும், அவர் காதுக்கு நாமதான் சொல்லணும், சட்டையைக் கொண்டா" என்றார். கடிதத்தை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பி வந்து எழுதுகிறேன். மூன்று தெரு தள்ளித்தான் அவர் வீடு, ஆனால் பெரிய சாலையைக் கடக்க வேண்டும். அப்பா நின்றுவிட்டார். வண்டியே இல்லாத நேரத்திலும் அவர் கால் இறங்கவில்லை, இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார், "போலாம்ப்பா" என்றேன், "இரு, ஏதோ வருது" என்றார், ஒன்றும் வரவில்லை. பத்து நிமிஷம் அப்படியே நின்று கடந்தோம். கார்க்காரர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார், கையில் சாவி. "நீயே சொல்லு" என்றார் அப்பா. சொன்னேன், ரப்பரிலிருந்து ஏட்டு வரைக்கும். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார், அதை எழுத மாட்டேன். கார்க்காரர் கத்தவில்லை. "அப்ப நெசமாவே சத்தம் வரலையா" என்றார், மறுபடியும் அதையே கேட்டார். பிறகு ஒரு நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "வாசல் கதவுகிட்ட போய் நின்னு எதையாவது சொல்லு, மெதுவா" என்றார். எனக்கு ஒரு வார்த்தைதான் வந்தது. சொன்னேன். திரும்பாமலே "மன்னிச்சிடுங்கன்னு சொன்னே" என்றார். "இன்னும் மெதுவா." சொன்னேன். "அதையேதான் சொன்னே, இன்னும் மெதுவா." மூன்றாவது தடவை எனக்கு உதடு மட்டும்தான் அசைந்தது, குரல் வரவில்லை. "இப்ப ஒண்ணும் சொல்லலை, அழறே" என்றார். எழுந்து சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்டு நிற்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் நானும் அப்பாவும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் இரண்டு பேர் சொன்னதையும் மாற்றிச் சொல்லப் போகிறோம். என்ன ஆகும் என்று அப்பாவுக்கும் தெரியவில்லை. அம்மா இன்னும் வரவில்லை, வந்ததும் சொல்ல வேண்டும், நடைவழியில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

அப்பா சொல்கிறார்: நீ எடுத்த காரியம் கைகூடி, கை கால் சுகத்தோடு, நல்ல மனிதர்களுக்கு நடுவே நீண்ட நாள் இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு. அடுத்த கடிதத்தில் உடம்பைப் பற்றி உண்மையை எழுது, நாங்கள் எழுதிவிட்டோம். சின்னவளைத் திட்டி எழுதாதே என்றும் எழுதச் சொல்கிறார். அதை மட்டும் நான் எழுதப் போவதில்லை. திட்டு, அக்கா.

இப்படிக்கு,
உன் அப்பா
(கையெழுத்து இடது கையால் போட்டது, கோணல் என்னுடையது அல்ல)