ஒற்றைப் பறவையின் வால்

அன்புள்ள மகளுக்கு, இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம் என்று எழுத வேண்டும், ஆனால் அது பாதிதான் உண்மை, மீதியைக் கீழே எழுதுகிறேன். நீ நலமா, உன் இருமல் நின்றதா? உனக்கும் எனக்கும் பதினொரு வயதுதான் வித்தியாசம், அறிவுரை சொல்ல இந்தச் சித்தி யார் என்று நீ சிரிப்பாய், இருந்தாலும் ஈரத்தலையோடு வேலைக்குப் போகாதே.

விஷயம் அப்பாவின் கண். கம்பளப் பட்டறையில் அவர் வேலை உனக்குத் தெரியும், சாயம் தோய்த்து வரும் நூலின் நிறத்தைப் பார்த்துச் சரி சொல்லித் தறிக்கு அனுப்புவார், பிறகு கட்டத்தாளைப் பார்த்து 'சிவப்பு மூணு, நீலம் ரெண்டு' என்று உரக்க வாசிப்பார், தறியில் இருக்கும் மூன்று பெண்களும் தாளைப் பார்க்காமல் அவர் குரலுக்கு முடிச்சுப் போடுவார்கள். சால்வை நெய்தவர்கள் பிழைப்புப் போய்க் கம்பளத்துக்கு மாறியபோது கூடவே கொண்டுவந்த பழக்கம் இது என்று ஒரு புத்தகத்தில் படித்து அப்பாவிடம் சொன்னேன், எழுதுனவன் ஒரு முடிச்சாவது போட்டிருப்பானா என்று கேட்டார்.

இப்போது தறியில் இருப்பது பெரிய கம்பளம், தொடங்கிப் பதினான்கு மாதமாகிறது. கீழ்ப்பாதியைக் கண்ணாடியில் காட்டியதுபோல மேல்பாதி, அதனால் ஒரு பாதிக்குத்தான் தாள், மறுபாதிக்கு அதையே கடைசி வரியிலிருந்து திருப்பி வாசிப்பார். வாங்குகிறவர் ஆசைப்பட்டு மேல் மூலையில் மட்டும் ஒரு நீலவால் பறவை கேட்டிருந்தார், கீழே அதற்கு ஜோடி கிடையாது. அந்தப் பறவைக்குப் பச்சை வால் வந்துவிட்டது. முதலாளி தாளை நீட்டியதும் அப்பா அதை ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாராம். வாலின் முடிச்சுகளை ஒவ்வொன்றாகக் கொக்கியால் பிடுங்க இரண்டு நாள் ஆயிற்று. பறவை மட்டும் தப்பாகி மற்ற நீலமெல்லாம் எப்படிச் சரியாக வந்தது என்பது அவரை உறுத்தியிருக்கிறது. மறுநாள் கருஞ்சிவப்பு வர வேண்டிய ஒரு வரி முழுக்க வேண்டுமென்றே மஞ்சள் என்று வாசித்திருக்கிறார். ஒருத்தியும் தலை நிமிரவில்லை, வரி கருஞ்சிவப்பாகவே வந்தது. தாளை மடித்து வைத்துவிட்டு மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். எத்தனை நாளா நான் சும்மா கத்திக்கிட்டிருக்கேன் என்று என்னைக் கேட்டார், தெரியாது என்றேன், அது நிஜம்தான்.

நான்கு நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் தறியில் மூத்தவளான பெரியக்கா வந்தாள், நாற்காலி போட்டும் உட்காரவில்லை. நாலு மாசமா நீலத்தப் பச்சைன்னுதான் வாசிக்கிறீங்க, கீழ்ப்பாதி போட்டது எங்க கையில ஞாபகம் இருந்துச்சு, அத வெச்சு நீலமாவே கட்டிட்டோம், பறவைக்கு நாங்க எங்க போறது, நிஜமாவே பச்சையோ என்னவோன்னு விட்டுட்டோம் என்றாள். என்மேல பரிதாபமா என்று அப்பா கேட்டார். அதுக்கெல்லாம் எங்களுக்கு ஏதுங்க நேரம், உங்க குரல் நின்னதுலருந்து ஆளுக்கொரு வேகம், ஓரம் கோணிக்கிட்டு நிக்குது, முதலாளி வேற ஆள் தேடுறாரு, கண்ணக் காட்டிட்டு வர்றதுன்னா வாங்க, இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மாலையே டாக்டரிடம் போனோம். இரண்டு கண்ணிலும் புரை, வியாழக்கிழமை முதல் கண்ணுக்கு ஆபரேஷன். அப்பா கேட்டது ஒரே கேள்வி, நிறம் மாறுமா என்று. இப்ப எல்லாத்தையும் மஞ்சக் கண்ணாடி வழியா பாக்குறீங்க, அது போயிடும் என்றார் டாக்டர், நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு. வரும் வழியில் அப்பா, அப்ப நான் சரின்னு அனுப்பின சாயமெல்லாம் என்று தொடங்கி, முடிக்கவில்லை.

நேற்று பட்டறையிலிருந்து ஏழு கம்பளி நூல் துண்டுகளை வாங்கிவந்து அட்டையில் ஒட்டி, இப்போது தன் கண்ணுக்குத் தெரிகிற நிறத்தை ஒவ்வொன்றின் கீழும் எழுதினார், கட்டு அவிழ்த்ததும் ஒப்பிட வேண்டுமாம். நீலத்தின் கீழே பச்சை என்று எழுதிவிட்டு, சரிதானே என்றார். உங்களுக்குத் தெரியறதத்தானே எழுதறீங்க என்றேன். நீ சொல்லேன் என்றார். நீலம் என்றேன். அவர் தான் எழுதியதை அடிக்கவில்லை, பக்கத்தில் சிறிய எழுத்தில் 'இவள் சொல்வது நீலம்' என்று சேர்த்துக்கொண்டார்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். ஆபரேஷன் முடியும்வரை கூப்பிடாதே. வெள்ளிக்கிழமை மாலை கூப்பிடு, கண் எப்படியிருக்கிறது என்று கேட்காமல், அட்டையில் எத்தனை தப்பு என்று கேள், நான்தான் எழுதினேன் என்று தெரிந்தால் தெரியட்டும். நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, ஒரு குறையுமில்லாமல் இரு.

இப்படிக்கு,
உன் சித்தி