ஐந்தாம் பெட்டித் தூண்டில்தடி

ஒக்டோபர் 29, புதன்

விடியத் தொடக்கம் தூறல். சைக்கிள் செயின் இரண்டு தரம் கழன்றது. தோட்டவெளியிலிருந்து தாழ்வுபாட்டு நூதனசாலைக்கு வேலைக்கு வரப் பத்தரை. தட்டிக்கேட்க ஆளில்லை.

நூதனசாலைக்கு இன்று ஒரேயொரு கொழும்புத் தம்பதி. பழைய தூண்டில் ரீல்கள், பெரிய மீனைத் தூக்கிப் பிடித்த வெள்ளைக்காரரின் படங்கள் எல்லாம் பார்த்துவிட்டுக் கணவர் கேட்டார், "விளையாட்டுக்கு மீன் பிடிக்கிறதுக்கும் ஒரு சரித்திரமோ?" நல்ல கேள்வி. நானும் யோசிப்பதுண்டு.

கண்ணாடிப் பெட்டிகள் துடைத்தேன். ஐந்தாவது எப்போதும் கடைசியில். அண்ணன் கடைசியாகப் பிடித்திருந்த தூண்டில்தடி அதற்குள். அட்டையில் அண்ணனின் படகில் போன வெள்ளையரின் பெயர், அவர் பிடித்த பாரை மீனின் எடை. அண்ணன் வெறும் 'உள்ளூர்ப் படகோட்டி'.

ஒக்டோபர் 30, வியாழன்

மழை. அண்ணனின் மனைவி, மச்சாள், வீட்டுக்கு வந்தார். ஞாயிறு ஆத்துமாக்கள் திருநாள். ஊரே சேமக்காலையில் கல்லறைதோறும் மெழுகுதிரி கொளுத்தும். அவருக்குப் போக ஒரு கல்லறை இல்லை. படகு கவிழ்ந்து ஆறு வருஷம். வெள்ளையர் தப்பினார், தடி கரையொதுங்கியது, அண்ணனின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

"தம்பி, அந்தத் தடியைக் கேட்டுத் தாரும். அதையெண்டாலும் ஒரு குழியில வைப்பம். பங்குச் சுவாமியோடயும் கதைச்சிட்டன்."

கேட்கிறேன் என்றேன்.

படகு கவிழ்ந்த அன்று போகவேண்டியவன் நான். காய்ச்சல் என்று சொல்லி அண்ணனை அனுப்பினேன். காய்ச்சலுமில்லை ஒன்றுமில்லை. ஓலைத்தொடுவாயில் பந்தடிப் போட்டி, அதற்குப் போனேன். இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

ஒக்டோபர் 31, வெள்ளி

நூதனசாலை முதலாளியிடம் கேட்டேன். "வெள்ளையர் நம்பித் தந்த சாமான். அவர் வந்து கேட்டா என்ன சொல்லுறது?" என்றார்.

"ஓம் சேர்."

அவ்வளவுதான் என் வீரம். என்னை எனக்கே பிடிக்கவில்லை. மச்சாளுக்கு ஃபோனில் சொன்னேன். "சரி" என்று வைத்துவிட்டார்.

சவர்க்காரம் முடிந்தது. செயினுக்கு எண்ணெய் வேண்டும்.

நவம்பர் 2, ஞாயிறு

மழை விட்டு வெயில். பூசைக்குப் போகவில்லை, வேலை என்று சாட்டு.

பதினொரு மணிபோல் மச்சாள். கையில் ஒரு மெழுகுதிரி. நுழைவுச்சீட்டுக் கேட்டார்.

"உங்களுக்கு ஏன் மச்சாள் சீட்டு? உள்ளுக்கு வாங்கோ."

"எல்லாரும் எடுக்கினம்தானே."

கிழித்துக் கொடுத்தேன்.

ஐந்தாம் பெட்டிக்கு முன் முழந்தாளில் நின்றார். நெருப்புக் கொளுத்தக் கூடாது என்று சுவரில் பலகை, நானே எழுதியது. அவர் கொளுத்தவில்லை. செபமாலை முழுவதும் சொல்லி முடித்தார். எழும்பும்போது கேட்டார்:

"அண்டைக்கு உமக்கு உண்மையாக் காய்ச்சலோ, தம்பி?"

"ஓம்" என்றேன்.

மச்சாள் மெழுகுதிரியை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.