காபி கேப்சூலுக்குப் பலாமரப் பெட்டி

பெங்களூரு
20.8.2017

மலர்விழியின் அப்பாவுக்கு,

கஸ்தூரி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பேத்தி கவிழ்ந்து படுக்கிறாள். போனில் பேசலாம் என்றால், ஒர்க்‌ஷாப் சத்தத்தில் மந்தமான உங்கள் காதுக்கு நான் கத்த, பதிலுக்கு நீங்கள் கத்த, நம் வீட்டு விஷயம் பிளாக் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. என் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று பக்கத்து குவார்ட்டர்ஸ் ராஜாம்பாள் போன் போட்டு விசாரிக்கிறாள். அதனால் இனிமேல் கடிதம்தான்.

ஒரு வேலை இருக்கிறது. மாப்பிள்ளை காபி மெஷின் வாங்கியிருக்கிறார். கேப்சூல் என்று சின்னக் கிண்ணம் மாதிரி ஒன்று. உள்ளே காபித்தூள், வாயில் தகடு ஒட்டியிருக்கிறது. மெஷினுக்குள் போட்டுப் பொத்தானை அமுக்கினால் நுரையோடு காபி. டிகாஷன் ஏன் இறங்கவில்லை என்று யாரும் முறைப்பதில்லை. அந்தக் கேப்சூல்கள் சமையலறை முழுக்க உருள்கின்றன. அடுக்கி வைக்க, கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு மரப்பெட்டி செய்து அனுப்புங்கள். அளவுக்கு இரண்டு கேப்சூல் கொரியரில் வருகிறது.

இப்படிக்கு,
கஸ்தூரி

*

நெய்வேலி
3.9.2017

அன்புள்ள கஸ்தூரிக்கு,

ராஜாங்கம் எழுதுவது. பிரசவத்துக்கு என்று போனாய். பிள்ளை பிறந்து, பேர் வைத்து, கவிழ்ந்தும் ஆயிற்று. எப்போது வருகிறாய் என்று போனில் கேட்டிருந்தேன். அதற்கு ஒரு வரி இல்லை. காபி மெஷினுக்கு ஒரு பக்கம்.

கேப்சூல் வந்தது, போயும் விட்டது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றச் சொல்லி ராஜாம்பாளிடம் சாவி கொடுத்தது நீதான். நான் ஜெனரல் ஷிப்ட் முடிந்து வந்தால் வீடெல்லாம் புகை. டிவி மேல் வைத்திருந்த இரண்டையும் தூபக்காலில் தணல் போட்டு வைத்துவிட்டாள். "புது மாதிரி கப் சாம்பிராணி வாங்கியாந்துகிறீங்கன்னு நெனச்சிக்கினு ஏத்திட்டேண்ணே! சாமிக்கு இன்னா கொறச்சல்? வூடே காபி வாசனையா கீதுங்க!" என்கிறாள். முருகன் படத்துக்கு முன்னால் உருகிக் கிடந்ததைச் சுரண்டி எடுத்தேன். ஆக, அளவு போயிற்று. எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

ராஜாங்கம்

*

பெங்களூரு
10.9.2017

மலர்விழியின் அப்பாவுக்கு,

மறுபடி கேப்சூல் அனுப்பினால் ராஜாம்பாள் கற்பூரம் என்று கொளுத்துவாள். அதனால் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, இந்தக் காகிதத்திலேயே பேனாவால் சுற்றி வரைந்திருக்கிறேன். உயரம் என் சுண்டு விரலில் இரண்டு கணு. என் சுண்டு விரல் உங்களுக்குத் தெரியும்.

ஆபீசருக்கெல்லாம் சாமி மாடம் செய்து கொடுத்த கை, பெற்ற பெண்ணுக்கு ஒரு பெட்டி செய்யாதா? சீக்கிரம் முடியுங்கள்.

கஸ்தூரி

*

நெய்வேலி
1.10.2017

அன்புள்ள கஸ்தூரிக்கு,

பண்ருட்டியில் நல்ல பலாப்பலகை கிடைத்தது. மஞ்சள் அரைத்துப் பூசினது போல நிறம். ஆனால் இங்கே மழை. பலகை காயவில்லை. காயாத பலகையில் செய்தால் மூடி கோணிக்கொள்ளும். மூடியில் மயில் செதுக்கவா, மாங்காய் செதுக்கவா என்றும் நீ சொல்லவில்லை. மயிலென்றால் தோகைக்கே நாளாகும். உள்ளே ஒவ்வொரு கேப்சூலுக்கும் தனித்தனிக் குழி எடுக்க வேண்டும். கீல் பித்தளையா, இரும்பா? யோசித்து நிதானமாக எழுது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இத்தனை வருஷம் மூன்று ஷிப்டுக்கும் நீ போட்ட காபியை நான் ஒரு நாளாவது வேண்டாம் என்றிருக்கிறேனா? முறைத்தது உண்மைதான். பொத்தான் வைத்த ஒரு சாமானுக்காக வீட்டை மறப்பது நியாயமா? இங்கே காபி நானே போட்டு, நானே குடித்து, நானே டம்ளர் கழுவுகிறேன். நன்றாகவே இல்லை.

ராஜாங்கம்

*

பெங்களூரு
5.10.2017

மலர்விழியின் அப்பாவுக்கு,

மயில், மாங்காய், பித்தளை, இரும்பு! மைன்ஸில் கிரேனுக்குக்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள். நீங்கள் வேலை தெரியாதவரில்லை, மனசில்லாதவர்.

வாய் விட்டே சொல்கிறேன். ஊருக்குக் கிளம்புகிறேன் என்றாலே மலர்விழி அழுகிறாள். மாப்பிள்ளை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள் அத்தை என்கிறார். அந்த ஒரு வாரம் முடிவதே இல்லை. அதனால்தான், "உங்கப்பா ஒரு பெட்டி செஞ்சிக்கினு இருக்காரு. அது வந்ததும் உன் கையில குடுத்துட்டுக் கெளம்பிடுவேன், அப்ப அழக்கூடாது" என்று அவளிடம் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறேன். எனக்கு விடுதலைப் பத்திரமே அந்தப் பெட்டிதான். நீங்கள் தோகைக்கு நாள் கேட்கிறீர்கள்.

அந்த மெஷின் காபி வாய்க்குள் போனதும் காணாமல் போகிறது. தீபாவளிக்கு நான் அங்கே இருக்கக்கூடாது என்றால் அதையாவது நேராக எழுதுங்கள்.

கஸ்தூரி

*

நெய்வேலி
9.10.2017

கஸ்தூரி,

பெட்டி எப்போதோ முடிந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு உளி, ரம்பத்தோடு சேர்த்து அதற்கும் சந்தனப் பொட்டு வைத்தாயிற்று. மயில்தான் செதுக்கியிருக்கிறேன். ராஜாம்பாள் பார்த்துவிட்டு, "நகை வெக்கிற பொட்டிங்களாண்ணே?" என்று கேட்டாள். பலகை காயவில்லை என்று நான் எழுதியபோது அது டிவி மேல் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

அனுப்பக் கை வரவில்லை. சமையலறைக்குச் சாமான் சேர்க்கிறாள், இனி அங்கேயே இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். பெட்டியை அனுப்பினால், இருந்துகொள் என்று நானே சொன்னது போல ஆகிவிடுமே என்று பயந்தேன். பயந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு நானே கிளம்பி வருகிறேன். உன்னை அழைத்துக்கொண்டுதான் திரும்புவேன்.

ராஜாங்கம்

*

பெங்களூரு
12.10.2017

என்னுடையவருக்கு,

ஸ்பீடு போஸ்டில் எழுதுகிறேன். தயவுசெய்து கிளம்பி வந்துவிடாதீர்கள். அப்பா வருகிறார் என்று தெரிந்ததும் உங்கள் பெண் பால்கனிக்கு ஊஞ்சல், மாப்பிள்ளைக்குப் புத்தக அலமாரி, குட்டிக்கு நடைவண்டி என்று அடுக்குகிறாள். மாப்பிள்ளை ரம்பம் வாங்கவே கடைக்குப் போய்விட்டார். நீங்கள் வந்தால் பொங்கலுக்குக்கூட நம் இரண்டு பேரையும் விடமாட்டார்கள்.

கடிதம் கண்டதும் பெட்டியைக் கொரியரில் போடுங்கள். திங்கட்கிழமை வந்துவிடும். அவள் மயிலைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்கும்போதே நான் பஸ் ஏறிவிடுவேன். செவ்வாய் காலை பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தைக் காட்டச் சொல்லி மலர்விழி கெஞ்சினாள். கொடுக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் இல்லாவிட்டால் பயம் என்று நீங்கள் இப்போதுதான் சொல்லியிருக்கிறீர்கள். அது எனக்கு எழுதியது, என்னிடமே இருக்கட்டும்.

உங்கள்
கஸ்தூரி