கம்பி கட்டிய வாய்க்குச் சீனக் கஞ்சி

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியாரும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். உன் அப்பா சுகமா இல்லையா என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போனில் பேசினால் அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறார், அதனால்தான் கடிதம்.

உன் மாமியார் சொல்லச் சொல்ல நீ எழுதி அனுப்பிய சீனக் கஞ்சியை முதல் நாள் குக்கரில் போட்டு நாலு விசில் விட்டேன், சுவரில் போஸ்டர் ஒட்டலாம் போல வந்தது. மறுநாள்தான் நீ எழுதியபடி அரிசியைக் கழுவி, உப்பும் சொட்டு எண்ணெயும் விட்டுப் பிசறி ஊறவைத்து, ஒரு கப்புக்குப் பத்துக் கப் தண்ணீர் ஊற்றி, கோழி எலும்பும் இஞ்சியும் போட்டுச் சின்னத் தீயில் ஒன்றரை மணி நேரம் கிண்டிக்கொண்டு நின்றேன். அரிசி பூவாக உடைந்து கரைந்தது. பஸ் படியில் வழுக்கித் தாடையை உடைத்துக்கொண்டவருக்கு மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டியிருக்கிறார்கள் இல்லையா, அதனால் வடிகட்டிக் கொடுத்தேன், உறிஞ்சிக் குடித்தார். யாரு சொல்லிக் குடுத்தா என்று பல்லிடுக்கில் கேட்டார். நர்ஸ் என்றேன். அந்த நர்ஸுக்கு இருக்கிற அறிவு உனக்கு இல்ல என்றார். பதினெட்டு நாள் வேளை தவறாமல் குடித்தார்.

பத்தொன்பதாம் நாள் காலையில் அவரோடு வேலை பார்த்த கண்டக்டர் பார்க்க வந்தார். எனக்கு ஒரே பிள்ளைதான், அவனும் வேலை வேலைன்னு அலையுறான் என்று அவரிடம் சொன்னார் உன் அப்பா. நான் கிண்ணத்தோடு நிற்கிறேன். நீ சீன மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து ஒன்பது வருஷமாகக் கேட்கிற பேச்சுதான், நானும் வாயைத் திறந்ததில்லை, அது உனக்கே தெரியும். அன்றைக்கு என்னவோ பொறுக்கவில்லை. கண்டக்டர் போனதும் சொல்லிவிட்டேன், அவ கையால பச்சத்தண்ணி கூட வேணாம்னீங்களே, பதினெட்டு நாளா நீங்க குடிக்கிறது அவ மாமியார் கஞ்சி என்று. டிக்கெட் எடுக்காத பயணியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். நான் அதை எடுத்து, வெங்காயத்தாளும் மிளகுத்தூளும் தூவி, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சத்தம் வர உறிஞ்சிக் குடித்தேன். பால் கேட்டார், இல்லை என்றேன். ஃபிரிட்ஜில் இருந்தது. அடுத்த நாள் காலை ஸ்பூனால் கட்டிலைத் தட்டினார். கிண்ணத்தோடு போய் வாசலிலேயே நின்றுகொண்டு, என் பொண்ணு கஞ்சிய குடுன்னு கேளுங்க, தரேன் என்றேன். ஆறிப்போனது, திரும்பச் சுடவைத்து வாசனை வரும்படி கொண்டுவந்தேன். மூன்றாவது தடவை சொன்னார். பல்லிடுக்கில் காற்றாகத்தான் வந்தது, ஆனால் எனக்குக் கேட்டது. கண் கலங்கியிருந்தது, எனக்கு இரக்கமே வரவில்லை. அன்றிலிருந்து மூன்று வேளையும் அதைச் சொன்னால்தான் கிண்ணம்.

இதைப் படித்துவிட்டு நீ கிளம்பி வந்துவிடாதே. அவர் மனசு மாறவில்லை, பசிக்குச் சொல்கிறார். உன்னைப் பற்றி அப்பா ஏதாவது விசாரித்தாரா என்று கேட்டிருந்தாய். இல்லை. வாசல்வரை வந்து நீ இன்னொரு தடவை திரும்பிப் போவதை நான் பார்க்க மாட்டேன். குளிரில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. உன் மாமியாருக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கும் உனக்கும் என் ஆசி எப்போதும் உண்டு.

ஒரே ருசி அலுத்துவிட்டதாம், முட்டை அடித்துக் கலக்கலாமா என்று உன் மாமியாரிடம் கேட்டு மறக்காமல் எழுது. முந்தாநாள் டாக்டர் கம்பியை வெட்டி எடுத்துவிட்டார், இனிமேல் குழைந்த சோறு தரலாம் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இன்னும் ஒரு மாதம் கஞ்சிதான் என்று உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். கம்பி போனபிறகு, என் பொண்ணு என்பது தெளிவாகக் கேட்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா