நீ எழுதாமல் விட்ட வரி

பாவா,

நேற்று அரக்கோணத்தில் கண் டாக்டரிடம் போயிருந்தேன். இடது கண்ணில் புரை வளர்ந்திருக்கிறதாம். ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதற்கு முன்னால் மற்ற சோதனைகளையும் முடித்துவிடலாம் என்று, அந்தச் சின்ன வயசு டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். வட்டத்துக்குள் வண்ண வண்ணப் புள்ளிகள், அவற்றுக்குள் ஒளிந்த ஓர் எண். முதல் பக்கத்தைப் பார்த்துப் பன்னிரண்டு என்றேன். அவள் அடுத்த பக்கத்தைத் திருப்புவதற்குள் என் வாய் தானாக ஓடியது. "எட்டு, இருபத்தொம்போது, அஞ்சு, மூணு, பதினஞ்சு, எழுபத்திநாலு..."

அவள் சிரித்துவிட்டாள். "இன்னா சார், மனப்பாடம் பண்ணிகினு வந்தீங்களா?"

"ஆங். அது ரொம்ப வருஷமாச்சும்மா."

"புத்தகத்தப் பாத்து சொல்லுங்க. இதுல என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல" என்றேன். அந்தப் புத்தகத்திடம் நானாக உண்மை சொன்னது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து, உனக்கு எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. படிக்க ஆள் இல்லாத கடிதத்தில்தான் சிலதை எழுத முடிகிறது.

நமக்குள் உறவு எதுவும் கிடையாது. உன் வீட்டில் தெலுங்கு, என் வீட்டில் தமிழ். உன் நைனா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா, என் அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். நீ என்னை மச்சான் முறையில் பாவா என்றாய், நானும் உன்னைப் பாவா என்றேன், அது அப்படியே நின்றுவிட்டது. சின்ன வயசில் ஒருநாள் உன் அம்மா மிளகாய்ப்பழம் வாங்கிவரச் சொல்லி என்னைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார்கள். நான் பச்சை மிளகாயைக் கொண்டுவந்து நின்றேன். வீடே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், "உனக்கு ரெண்டும் ஒரே மாதிரியா தெரியுது?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் பாவா" என்றாய். நான் கேட்காமலே நீ கொடுத்த வாக்கு அது.

யுத்தம் முடிந்து, பட்டாளத்து விமானங்களை வாங்கிப் புதுப்புதுக் கம்பெனிகள் பயணிகளை ஏற்றத் தொடங்கிய சமயம். கணக்கும் பௌதிகமும் படித்த இளைஞர்களை எடுத்துத் தாங்களே பழக்கி விமானிகளாக்கப் போவதாக ஒரு கம்பெனி பேப்பரில் போட்டிருந்தது. அதை வெட்டிக்கொண்டு ஓடி வந்தவன் நீதான். "என் கண்ணு இருக்குதே?" என்றேன். "அத நான் பாத்துக்கறேன். நீ விண்ணப்பத்த எழுது" என்றாய்.

மெட்ராஸில் நடந்த மருத்துவச் சோதனை நினைவிருக்கிறதா? சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றினார்கள். ஒரு குழாயை ஊதிப் பாதரசத்தை மேலே ஏற்றி, மூச்சை விடாமல் அங்கேயே நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். எனக்கு அதெல்லாம் விளையாட்டாக இருந்தது. கடைசியில் அந்தப் புள்ளிப் புத்தகம். நீ எனக்கு முன்னால் உள்ளே போனாய். வெளியே வந்ததும் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று, என் உள்ளங்கையில் விரலால் ஒவ்வொரு எண்ணாக எழுதினாய். "வரிசை மாத்தல. மொதல்லேர்ந்துதான் திருப்பறாரு. பயப்படாத போ." உள்ளே போய், ஒரு பக்கத்தைக்கூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். என் கூடப் பிறந்தவர்கள்கூட உன் அளவு நெருக்கம் இல்லை என்று அன்று நினைத்தேன்.

போன அன்றே விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று நாம் நம்பியது எவ்வளவு வேடிக்கை. மீனம்பாக்கத்தில் நமக்குக் கொடுத்தது ஒரு பெஞ்சும் ஒரு நோட்டும்தான். வாரக்கணக்காக மேகங்களின் வகை, காற்றின் திசையைக் கணக்கிட்டு வழியைத் திருத்துவது, எஞ்சினைப் பிரித்துப் போட்டுப் பாகங்களின் பேர் சொல்வது. போதாததற்குத் தந்தி அடிக்கும் கட்டை வேறு. தூக்கத்திலும் காதில் கட்டுக்கடகட என்று அடித்துக்கொண்டே இருந்தது. அதில் நீ மக்கு. சாப்பாட்டு மேஜையில் கரண்டியால் தட்டித் தட்டி நான்தான் உனக்கு அதை ஏற்றினேன். "குழம்பு கொண்டா" என்று நான் தட்டியதை நீ முதன்முதலாகப் புரிந்துகொண்டு எழுந்து போனபோது பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் கைதட்டினார்கள்.

அப்புறம்தான் அந்த இரட்டை இறக்கை விமானம். மேலே மூடி கிடையாது. முன்னால் வாத்தியார், பின்னால் நாம். ஒரு குழாய் வழியாக அவர் கத்துவது காற்றோடு சேர்ந்து காதில் விழும். "மூக்கைத் தூக்காதே! தூக்காதே என்றேன்!" பட்டாளத்தில் இருந்து வந்தவர், திட்டுவதற்கு அவருக்கு அலுப்பே வராது. ஒருநாள் காலையில் அவர் இறங்கிக்கொண்டு, தன் இருக்கைப் பட்டையை இழுத்துக் கட்டிவிட்டு, "நீயே போ" என்றார். மேலே போனபின் முன் இருக்கையில் அவர் தலை இல்லாததைப் பார்த்தேன். சந்தோஷத்தில் சத்தம் போட்டுப் பாடினேன். கேட்க யாரும் இல்லை.

தரையிலேயே ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் உட்காரவைத்து மேலே மூடிவிடுவார்கள். வெளியே ஒன்றும் தெரியாது, எதிரே திசையும் சாய்வும் காட்டும் ஊசிகள் மட்டும். பெட்டி திரும்பும், சாயும். நேராகப் போவதாக உடம்பு சொல்லும், வளைவதாக ஊசி சொல்லும். "உன் உடம்பு சொல்வதை நம்பாதே. ஊசி சொல்வதை நம்பு" என்பார் வாத்தியார். பல பேர் வாந்தி எடுத்தார்கள். நான் அதில் முதல் ஆளாகத் தேறினேன். நம்பச் சொன்னதை நம்புவது எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை.

எனக்கு ஆபத்து வேறொரு இடத்தில் இருந்தது. அந்தச் சின்ன விமானங்களில் ரேடியோ கிடையாது. இறங்கலாமா கூடாதா என்று விமான நிலையக் கோபுரத்திலிருந்து விளக்கு காட்டுவார்கள். பச்சை என்றால் இறங்கு, சிவப்பு என்றால் இன்னொரு சுற்று சுற்று. எனக்கு இரண்டும் ஒரு மங்கல் வெளிச்சம், அவ்வளவுதான். எப்படிச் சமாளித்தேன் என்று உனக்குத் தெரியும். கூடுமானவரை உனக்குப் பின்னாலேயே வருவேன். நீ இறங்கினால் நானும் இறங்குவேன். நீ சுற்றினால் நானும் சுற்றுவேன்.

அன்றைக்கு நீ மேலே இல்லை. தரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். விளக்கு தெரிந்தது. பச்சை என்று எடுத்துக்கொண்டேன். ஓடுபாதையில் இன்னொரு விமானம் கிளம்ப ஓடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தபோது அது எனக்கு நேர் கீழே இருந்தது. எப்படித் தூக்கினேன் என்று இன்றும் சொல்லத் தெரியாது. அதன் இறக்கைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் தாண்டினேன். இறங்கி வந்ததும் வாத்தியார் என்னைக் கிழிகிழியென்று கிழித்தார். வெயில் கண்ணில் அடித்துவிட்டது என்று சொன்னேன்.

சாயங்காலம் அறையில் நீ மெதுவாகக் கேட்டாய். "இன்னா பாவா, லைட்டு தெரியலையா?"

"தெரிஞ்சுது. பச்சைன்னு நெனச்சேன்."

நீ துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாய். "சரி, இனிமே ஜாக்கிரதையா இரு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாய். அவ்வளவுதான் பேசினோம். அதற்கப்புறம் ஒரு வாரம் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். காற்றுக் கணக்கை மறுபடியும் சொல்லித் தரச் சொன்னாய், சொல்லித் தந்தேன்.

எட்டாம் நாள் தலைமை வாத்தியார் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் டாக்டரும் இருந்தார், மேஜைமேல் அந்தப் புத்தகமும் இருந்தது. டாக்டர் அதைப் பின்பக்கத்திலிருந்து திருப்பினார். இரண்டே பக்கத்தில் முடிந்துவிட்டது. தலைமை வாத்தியார் கோபப்படவில்லை. "போன தடவை எண்களை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று மட்டும் கேட்டார். மறுபடியும் கேட்டார். "பெயரைச் சொன்னால் உன் சான்றிதழில் இதைப் பற்றி எதுவும் எழுதாமல் அனுப்புகிறேன்" என்றார். நான் உன் பெயரைச் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்றுகிறோம் என்ற ஒன்றுதான் அந்த நேரத்தில் எனக்கு ஆறுதல்.

அதற்குப் பத்து நிமிஷம் கழித்து ஆபீஸ் குமாஸ்தா என் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுக்க, கையெழுத்துப் போடச் சொல்லிக் கோப்பைப் பிரித்து என் முன் வைத்தார். மேல்தாளில் உன் கையெழுத்து. நான் தாண்டி இறங்கியதற்கு மறுநாள் தேதி போட்டிருந்தாய். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்பதும், அது உனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும் என்பதும், சோதனையில் எண்களை மனப்பாடம் செய்து நான் தேறினேன் என்பதும், பயணிகளின் உயிரை நினைத்து இதைத் தெரிவிக்கிறாய் என்பதும் இருந்தன. அதில் ஒரு பொய்கூட இல்லை. எண்களை உள்ளங்கையில் எழுதியது யார் என்பது மட்டும் இல்லை.

திரும்பி அந்த அறைக்குள் போய் உன் பெயரைச் சொல்லியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. நான் போகவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. நீ அப்போது மேலே பறந்துகொண்டிருந்தாய். பெட்டியை எடுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டேன்.

ஊரில் என் அப்பா ஒன்றும் கேட்கவில்லை, கடைத்தெரு கேட்டது. "இன்னா தம்பி, எப்போ பறக்கப் போறே?" என்று பூக்கடைக்காரர் தினமும் கேட்டார். எல்லாருக்கும் தெரிந்து ஓயும்வரை நான் பின்தெரு வழியாகவே போய்வந்தேன். அப்புறம் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை. நீ பெரிய விமானத்தில் இரண்டாம் விமானியானாய், பிறகு கேப்டனானாய் என்று உன் நைனா மூலம் ஊருக்கே தெரிந்தது. எனக்கும் தெரிந்தது.

பல வருஷம் கழித்து ஓர் ஆடிக் கிருத்திகைக்கு, உன் மகளுக்கு மொட்டை போட வந்தாய். காவடிக் கூட்டத்துக்கு நடுவே, நம் ஊர் முருகன் மலையடிவாரத்தில் இருவரும் நேருக்கு நேர் வந்துவிட்டோம். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். நான் சுற்றி வளைக்கவில்லை.

"ஏன் பாவா என்கிட்ட மொதல்ல சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ வேணாம்னு கெஞ்சியிருப்பே. நான் விட்டுட்டிருப்பேன். அப்புறம் ஒருநாள் இருபது பேரோட நீ எங்கயாவது மோதியிருப்பே."

அது நியாயம். நீ அவர்களிடம் சொன்னதைத் தப்பென்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

"சரி. நம்பர சொல்லிக் குடுத்தது நீன்னு ஏன் எழுதல?"

நீ கையை விட்டாய். "கூட்டம் ஜாஸ்தியா கீது, கொழந்த அழுவுது" என்றாய். குழந்தை அழவில்லை. உன் தோளில் உட்கார்ந்து காவடி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அந்தக் குழந்தைதான் போன மாதம் என் வீடு தேடி வந்தாள். உன் காரியமெல்லாம் முடிந்தபின், மலைக்கு வந்துவிட்டு, விசாரித்துக்கொண்டு வந்தாளாம். உட்காரச் சொன்னேன். என்னை மாமா என்று கூப்பிட்டாள். நீ அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய்.

"அப்பா உங்களப் பத்தி அடிக்கடி சொல்வாரு மாமா. எங்க கூட ஒருத்தன் படிச்சான், என்னைவிட நல்லா ஓட்டுவான், கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சதும் அவனே போய் சொல்லிட்டு எறங்கிட்டான், அந்த தைரியம் எனக்கு வராதுன்னு. அது நீங்கதானே?"

பாவா, உன் பங்கை மறைத்தது போதாதென்று என் பங்கையும் மாற்றிவிட்டாய். உன் வீட்டில் என்னை உயர்ந்தவனாக்கி உட்காரவைத்து, நான் கோபப்படுவதற்கு இருந்த ஒரே இடத்தையும் அடைத்துவிட்டாய். அது வெட்கமா, பிராயச்சித்தமா, வெறும் வசதியா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியாதபடி போய்விட்டாய்.

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா. நானேதான் போய்ச் சொன்னேன்" என்றேன்.

அவள் எழுந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். தடுக்க நினைத்தேன், அதற்குள் நிமிர்ந்துவிட்டாள். நான் யோசித்துத்தான் சொன்னேன், ஆனால் உனக்காகச் சொல்லவில்லை. அப்பாவை இழந்து வந்து நிற்பவளிடம் அவரை இன்னொரு தடவை பறிக்க எனக்கு மனம் வரவில்லை. தீபாவளிக்கு மறுபடியும் வருகிறேன், நீங்கள் இரண்டு பேரும் பழகிய கதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.

சொல்லத்தான் போகிறேன். நீ தந்தி கற்ற கதையைச் சொல்வேன். முதன்முதலாகத் தனியே இறங்கி வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு நீ அழுததைச் சொல்வேன். நீ நல்ல விமானி என்பதையும் சொல்வேன், அது உண்மைதான். நான் உன்னை மன்னிக்கவில்லை. அதை மட்டும் அவளுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.